சமவெளியில் ஆர்க்கிட்: வேரைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

ஆர்க்கிட் என்றதும் நம்மூரில் இரண்டு கட்சிகள் உண்டு. "அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் சமாச்சாரம், நம்ம வெயிலுக்கு வராது" என்பது ஒரு கட்சி. "ஆசையா வாங்கிட்டு வந்தேன், மூணே மாசம், செத்துப் போச்சு" என்பது இன்னொரு கட்சி.

முதல் கட்சி சொல்வது பாதிதான் சரி. கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாக நீளக் காம்பில் வரிசையாகப் பூக்கள் இருக்குமே, அது டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட். தாய்லாந்தின் வெக்கையான சமவெளியில் நிழல்வலைக்குக் கீழே பண்ணை பண்ணையாக வளர்க்கிறார்கள். அந்த வெயிலில் வளர்வது சென்னையிலும் திருச்சியிலும் வளராமல் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆர்க்கிட் குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 28,000 சிற்றினங்கள் இருக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 1,256. பனிமலையில் வளர்வதும் உண்டு, மாமரத்துக் கிளையில் மே மாத வெயிலில் காய்வதும் உண்டு. "ஆர்க்கிட் கஷ்டம்" என்று பொதுவாகச் சொல்வது "நாய் குளிர் தாங்காது" என்பதைப் போன்றது. எந்த நாய், எந்த ஊர்க் குளிர் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கட்சி சொல்வது உண்மை. வாங்கிய செடி செத்துத்தான் போகிறது. ஆனால் பெரும்பாலும் அது கவனிப்பு குறைந்து சாவதில்லை, கூடிப்போய்ச் சாகிறது. தினம் தண்ணீர், நல்ல மண், பெரிய தொட்டி, தாராளமாக உரம் என்று ரோஜாவுக்கும் மல்லிக்கும் செய்வதையெல்லாம் அதற்கும் செய்கிறோம். வேர் மூச்சுமுட்டி அழுகிவிடுகிறது.

இங்கிலாந்துக்காரர்கள் செய்ததும் இதேதான்

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆர்க்கிட் மோகம் ஆரம்பித்தது. வெப்ப நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகச் செடிகள் போயின. "காட்டுச் செடி, வெப்பமும் ஈரமும்தானே வேண்டும்" என்று நினைத்தார்கள். கண்ணாடி வீட்டை இறுக்கமாக மூடி, அடுப்பு மூட்டி, உள்ளே நீராவி நிற்கும்படி வைத்தார்கள். அந்த மாதிரி வீட்டுக்கு "ஸ்டவ்" என்றே பெயர். ஆயிரக்கணக்கான செடிகள் அதற்குள்ளேயே வெந்து அழுகின.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோசப் பாக்ஸ்டன், டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரர். அவருடைய உதவியாளர் ஜான் கிப்சன் 1830-களில் நம் வடகிழக்கின் காசி மலைகளுக்கு வந்து நிறைய ஆர்க்கிட்களைச் சேகரித்துக்கொண்டு போனவர். செடி எங்கிருந்து வந்தது, அங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்பதைப் பார்த்து அதற்கேற்ற வீடுகளைப் பிரித்தார் பாக்ஸ்டன். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தார். ஈரப்பதத்துக்கு, செடியை நனைத்துக்கொண்டே இருக்காமல் தரையையும் பாதைகளையும் நனைத்தார். செடிகள் பிழைத்தன.

இருநூறு வருடம் கழித்து நாம் தொட்டியில் செய்யும் தவறு அந்த மூடிய கண்ணாடி வீட்டின் சின்னப் பதிப்புதான்.

வேர் எப்படி வேலை செய்கிறது?

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை தொற்றுத்தாவரங்கள். மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. கிராமத்தில் இதையும் புல்லுருவி என்று சொல்லிவிடுவார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டுச் சாறு குடிக்கும் ஒட்டுண்ணி. ஆர்க்கிட்டுக்கு மரம் உட்கார ஒரு இடம், அவ்வளவுதான்.

மரக்கிளையில் மண் கிடையாது. மழை பெய்தால் பத்து நிமிஷம் தண்ணீர் ஓடும், பிறகு வெயிலும் காற்றும். அந்தப் பத்து நிமிஷத்தில் குடிக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டுதான் அடுத்த மழை வரை ஓட்ட வேண்டும். அதற்காகவே வேரைச் சுற்றி ஒரு பஞ்சு உறை இருக்கிறது. வெலாமன் என்று பெயர். பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு வாண்டா செடியின் படத்தோடு இந்தப் பெயர் நினைவுக்கு வரலாம். இது இறந்துபோன வெற்றுச் செல்களால் ஆன உறை. தண்ணீர் பட்டதும் சட்டென்று உறிஞ்சி உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்குக் கொடுக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். காய்ந்த வேர் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளிலேயே பச்சையாக மாறும். உறைக்குள் காற்று இருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் நிரம்பியதும் உறை ஒளி ஊடுருவும்படி ஆகி உள்ளே உள்ள பச்சையம் தெரிகிறது. ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கொடு, பச்சையாக இருந்தால் சும்மா இரு.

இப்படிப்பட்ட வேரை நெருக்கமான மண்ணில் புதைத்தால் என்ன ஆகும்? உறை எப்போதும் ஈரமாகவே இருக்கும், காற்று போகாது, பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்து சேரும். வேர் அழுகியதும் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது, இலை சுருங்கும். இலை சுருங்குகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது.

ஆக, ஆர்க்கிட் வேருக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும், நனைந்தபின் காயவும் வேண்டும். கீழே சொல்லப் போகும் தொட்டி, கரி, தண்ணீர், உரம் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

எந்த வகையில் தொடங்கலாம்?

இணையத்தில் "எளிய ஆர்க்கிட்" என்று தேடினால் முதலில் வருவது ஃபெலனாப்சிஸ். பட்டாம்பூச்சி மாதிரி அகலமான பூ, தடித்த இலை. குளிர் நாட்டு வீடுகளுக்கு அது எளிய செடிதான். வீட்டுக்குள் வருஷம் முழுக்க 20 டிகிரி சுற்றிலும் இருக்கும், ஜன்னலோரம் மென்மையான வெளிச்சம் வரும். "வாரத்துக்கு மூன்று ஐஸ்கட்டி போடுங்கள்" என்ற அறிவுரையும் அந்த வீடுகளுக்காக வந்ததுதான். நம் பால்கனிக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஃபெலனாப்சிஸ் புதிதாகப் பூங்காம்பு விட வேண்டுமானால் சில வாரங்களாவது வெப்பம் குறைய வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே தொடர்ந்து இருந்தால் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. பெங்களூர், ஓசூர், கோவையின் குளிர்ந்த பகுதிகளில் இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். சென்னைக்காரர்கள் மார்கழி, தை மாதங்களை நம்பித்தான் வாங்க வேண்டும்.

நம் சமவெளிக்கு என் பரிந்துரை வரிசை இது:

1. டென்ட்ரோபியம். மேடை அலங்காரத்தில் பார்க்கும் அதே வகை. கரும்பு மாதிரி கணுக்கணுவான தண்டு நிமிர்ந்து நிற்கும். இதன் முன்னோர்களில் முக்கியமானது வட ஆஸ்திரேலியாவின் குக்டவுன் ஆர்க்கிட். வெக்கையில் பிறந்தது, நம் வெயிலுக்குப் பயப்படாது. ஒரு பூங்கொத்து வாரக்கணக்கில் நிற்கும். முதல் செடியாக இதைத்தான் சொல்வேன்.

2. ஸ்பாத்தோகிளாட்டிஸ். நர்சரியில் "கிரவுண்ட் ஆர்க்கிட்" என்று கேட்டால் தருவார்கள். தரையில் வளர்வது, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பான இலை. மேலே சொன்ன வேர் விதியிலிருந்து கொஞ்சம் விலகியது. இதற்கு மண் கலவை வேண்டும். செம்மண், மணல், மட்கிய உரம் கலந்து தண்ணீர் தேங்காமல் வைத்தால் போதும். ஆர்க்கிட் என்றே தெரியாமல் இதை வளர்ப்பவர்கள் உண்டு.

3. வாண்டா, மொக்காரா. மொக்காரா என்பது வாண்டாவும் வேறு இரண்டு வகைகளும் சேர்ந்த கலப்பினம். வெயில் நிறைய வேண்டும், வேரைக் காற்றில் தொங்கவிட வேண்டும். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இந்தக் கூட்டம்தான். 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்திலிருந்து உலகுக்கு அறிமுகமானது, நேரடி வெயிலில் வேலி மாதிரி வளரும். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நனைக்க நேரம் உள்ளவர்களுக்கு வாண்டா சரி.

தவிர்க்க வேண்டியது சிம்பிடியம். சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்துப் படங்களில் அழகாக இருக்கும். நாம் கடைகளில் பார்க்கும் பெரிய பூச் சிம்பிடியம் கலப்பினங்களுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சமவெளியில் இலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தொட்டியும் கலவையும்

டென்ட்ரோபியத்துக்கு மண் வேண்டாம். கோகோபீட்டும் வேண்டாம்; அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மரக்கரித் துண்டு, உடைந்த ஓடு அல்லது செங்கல் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, இந்த மூன்றும் போதும். துண்டுகள் ஓர் அங்குல அளவில் இருக்கட்டும், தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள். தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றிப் பிறகு பயன்படுத்த வேண்டும். ஈரப்பதம் அதிகமான கடலோர ஊர்களில் கரியும் ஓடும் கூடுதலாக, மட்டை குறைவாக. மதுரை, திருச்சி மாதிரி வறண்ட ஊர்களில் மட்டையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

தொட்டி சின்னதாக இருக்க வேண்டும். செடி வேர் கொள்ளும் அளவு, அதற்கு மேல் இரண்டு புதுத் தண்டு வர இடம். "வளரும் பிள்ளைக்குப் பெரிய சட்டை" கணக்கு இங்கே உதவாது. பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது. பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண் தொட்டியோ பிளாஸ்டிக் கூடையோ நல்லது. செடி ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டுங்கள். ஆடினால் புது வேர் நுனி உரசி ஒடியும். தண்டின் அடிப்பகுதியைப் புதைக்காதீர்கள், அது கலவையின் மேலே உட்கார வேண்டும்.

மாற்றி நடுவதற்குச் சரியான நேரம், புதுத் தளிரின் அடியில் பச்சை நுனியோடு வேர் எட்டிப் பார்க்கும்போது. பூத்திருக்கும்போது தொடாதீர்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மட்டை மட்கி நெருக்கமாகிவிட்டால் மாற்றினால் போதும்.

தண்ணீரும் உரமும்

"வாரத்துக்கு எத்தனை முறை?" என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்கு எண்ணில் பதில் சொல்ல முடியாது, வேரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கரியும் ஓடும் போட்ட சின்னத் தொட்டி ஏப்ரல் மாதச் சென்னையில் ஒரே நாளில் காய்ந்துவிடும், அப்போது தினம் காலையில் ஊற்றலாம். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் ஊற்றாமல்கூட இருக்கலாம். தொடர்மழையில் செடியைக் கூரைக்குக் கீழே நகர்த்துவது நல்லது. ஊற்றும்போது தாராளமாக, கீழே ஓடும்படி ஊற்ற வேண்டும். பிறகு காயவிட வேண்டும். காலையில் ஊற்றினால் இலை இடுக்குகள் இரவுக்குள் காயும். ஃபெலனாப்சிஸ் என்றால் நடுக்குருத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் போர் தண்ணீர். வெலாமன் தண்ணீரோடு அதில் உள்ள உப்பையும் இழுத்துக்கொள்ளும். தொட்டி விளிம்பிலும் கரியிலும் வெள்ளைப் படிவம் வந்தால் அதுதான் அறிகுறி. மழைத் தண்ணீர் முதல் தரம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் 200-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உரம் விஷயத்தில் விதி எளிது: கொஞ்சமாக, அடிக்கடி. தண்ணீரில் கரையும் 19:19:19 கலவை லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, புதுத்தளிர் வளரும் காலத்தில் மட்டும். காய்ந்த வேரில் நேராக உரம் ஊற்றாமல், முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவினால் தேங்கிய உப்பு போய்விடும்.

வெளிச்சம்

அழுகலுக்கு அடுத்து வரும் புகார் "செடி நல்லா இருக்கு, பூக்கவே மாட்டேங்குது" என்பது. காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். டென்ட்ரோபியத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு வேண்டும். ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 போதும். வீட்டு ஹாலில் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். நம் கண் வெளிச்ச மாற்றத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால் "ஹால் நல்ல வெளிச்சமா இருக்கே" என்று தோன்றும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டுப் பாருங்கள், திகைத்துப் போவீர்கள்.

மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை. பால்கனி என்றால் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராக விழும் கிழக்குப் பக்கம். இலையைப் பார்த்தே சரி செய்யலாம். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை சரி. மஞ்சளடித்து, தொட்டால் சுட்டால் அதிகம்.

இடையில் ஒரு வாட்ஸ்அப் விஷயம். "ஆர்க்கிட் இரவில் ஆக்சிஜன் கொடுக்கும், படுக்கையறையில் வையுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. வாண்டா, ஃபெலனாப்சிஸ் மாதிரியானவை தண்ணீரைச் சேமிக்க இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உருவாவது பகல் வெளிச்சத்தில்தான். அந்தச் செய்தியை நம்பி இருட்டறையில் வைத்தால் செடிக்குத்தான் நஷ்டம்.

பூ உதிர்ந்த பிறகு

நிறைய பேர் செய்வது, டென்ட்ரோபியத்தில் பூ முடிந்த தண்டை "இது கிழடு" என்று வெட்டிவிடுவது. அதில்தான் தண்ணீரும் உணவும் சேமிப்பில் இருக்கிறது. இலை உதிர்ந்த தண்டிலிருந்தும் அடுத்த வருஷம் பூ வரலாம். காய்ந்து, மஞ்சளாகி, உள்ளே வெற்றாகப் போன தண்டை மட்டும் வெட்டுங்கள். சில நேரம் தண்டின் மேல்கணுவில் சின்னக் குட்டிச் செடி வரும். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்துத் தனியாக வைக்கலாம். ஆனால் பூ வர வேண்டிய இடத்தில் குட்டியாகவே வந்துகொண்டிருந்தால் வேர் அழுகியிருக்கிறதா, உரம் அதிகமா என்று பாருங்கள்.

எங்கே வாங்குவது?

கடைசியாக வைத்திருந்தாலும் இதுதான் முக்கியமான பகுதி. மலைப்பாதைகளில், மரத்திலிருந்து பிய்த்த ஆர்க்கிட்டைக் கட்டுக்கட்டாக விற்பவர்களைப் பார்க்கலாம். மலிவு, "ஒரிஜினல் காட்டுச் செடி" என்ற கவர்ச்சி வேறு. வாங்காதீர்கள்.

ஒரு ஆர்க்கிட் காய்க்குள் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும், தூசி மாதிரி. அவற்றில் சேமிப்பு உணவு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-ல் கண்டுபிடித்தவர் பிரான்சின் நோயெல் பெர்னார்ட். அந்தப் பூஞ்சையும் சரியான மரப்பட்டையும் ஈரமும் ஒரே இடத்தில் அமைந்து ஒரு செடி பூக்கும் அளவுக்கு வளரப் பல வருடம் ஆகும். அதை ஒரு நிமிஷத்தில் பிய்த்துவிடலாம். அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற மஞ்சள் செருப்புப்பூ ஆர்க்கிட், சேகரிப்பவர்களின் ஆசையால்தான் அழிவின் விளிம்புக்குப் போனது. பிய்த்த செடிகள் வேர் அறுந்து, மலைக்குளிரிலிருந்து நம் வெக்கைக்கு வந்து பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பது கூடுதல் சோகம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது, அதாவது நாடு விட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு உண்டு.

நல்ல செய்தி, காட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மோரல், தளிர்நுனித் திசுவிலிருந்து சிம்பிடியத்தைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். ஒரு காலத்தில் பிரபுக்கள் ஏலத்தில் எடுத்த செடி இன்று சில நூறு ரூபாய்க்கு நர்சரியில் கிடைப்பதற்கு இவர்கள்தான் காரணம். காட்டு வகைகளைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

நர்சரியில் பூவைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையும் பச்சை நுனியுமாகக் கெட்டியான வேர் தெரிகிறதா, புதுத்தளிர் ஒன்றாவது இருக்கிறதா, தண்டைப் பிடித்தால் ஆடாமல் இருக்கிறதா, இலைக்கடியில் மாவுப்பூச்சி இல்லையா, இந்த நான்கும் போதும். எல்லாப் பூவும் விரிந்த செடியைவிட மொட்டு பாதி இருக்கும் செடி நல்லது.

முதலில் ஒரு டென்ட்ரோபியம், ஒரு கிரவுண்ட் ஆர்க்கிட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் அவை தாண்டட்டும். அதற்குள் வேரின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் ஊற்றும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடும். அடுத்த செடி எது என்று அப்போது யோசிக்கலாம்.